காசு கொடுக்க வந்தவர் சாவியைக் கேட்டார்

காலை நிகழ்ச்சியில், எட்டு மணிச் செய்திக்குப் பிறகு எனக்கு ஒரு சின்ன வேலை உண்டு. காவல்துறையின் மோசடி எச்சரிக்கை ஏதாவது வந்திருந்தால், அதை இரண்டு நிமிடத்தில் நேயர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். “தெரியாதவர் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள். ஓடிபி எண்ணை யாரிடமும் கொடுக்காதீர்கள்.” பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்வேன்.

அப்படிப்பட்ட நான்தான், சென்ற தீபாவளி முடிந்த இரண்டாவது வாரத்தில், மகளின் பழைய பட்டுப் பாவாடையை 45 வெள்ளிக்கு விற்கப் போய் 780 வெள்ளியைப் பறிகொடுத்தேன்.

இதை எழுதத் தயக்கமாகத்தான் இருந்தது. “ஊருக்கு உபதேசம் செய்கிறவளுக்கே இந்தக் கதியா?” என்று யாராவது சிரிப்பார்களே என்ற வெட்கம். ஆனால் அந்த வெட்கம்தான் மோசடிக்காரர்களுக்கு மிகவும் உதவுகிறது என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன். அதனால் எழுதுகிறேன்.

நான்கே நிமிடத்தில் வந்த ‘டியர்’

எங்கள் வீட்டில் தீபாவளி முடிந்தால் அலமாரிக் கதவு மூடாது. ஒரே ஒரு நாள் உடுத்திய ஜிப்பா, கேம்பல் லேன் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய லெஹங்கா, ஊரிலிருந்து வந்த பட்டுப் பாவாடை. பிள்ளைகளோ அடுத்த தீபாவளிக்குள் ஒரு சாண் வளர்ந்துவிடுகிறார்கள். தூக்கிப் போட மனம் வராது. பழைய துணிகளை வாங்கவும் விற்கவும் செயலிகள் வந்தபிறகு, என்னைப் போன்ற பலருக்கு அது நல்ல வழியாக இருக்கிறது. நான் ஆறு ஆண்டுகளாக விற்கிறேன், வாங்கவும் செய்கிறேன்.

அன்று மாலை மயில் கழுத்து நிறப் பாவாடையைத் தரையில் விரித்து, படம் எடுத்து, விலை போட்டேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. “டியர், இருக்கிறதா? நான் எடுத்துக்கொள்கிறேன்” என்று ஒருவர் கேட்டிருந்தார்.

எத்தனை வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும் என்று அவர் கேட்கவில்லை. இடுப்பளவு, உயரம், கறை எதைப் பற்றியும் பேச்சில்லை. பேரமும் பேசவில்லை! இந்தச் சிங்கப்பூரில் 45 வெள்ளிப் பாவாடையை “25க்குத் தருவீர்களா, நாளைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்” என்று கேட்காத ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. என் மனத்தில் முதல் மணி அங்கேயே அடித்திருக்க வேண்டும். எனக்கோ, ‘அட, நல்ல மனுஷி’ என்று தோன்றியது.

“வேலையில் இருக்கிறேன், நேரில் வர முடியாது. செயலியின் விநியோகச் சேவை மூலம் பணத்தைக் கட்டிவிட்டேன். உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் உறுதிக் கடிதம் வந்துவிடும்” என்றார். கொடுத்தேன். வந்தது. செயலியின் சின்னம், நிறம், எழுத்து எல்லாம் அச்சு அசலாக இருந்தன. அதிலிருந்த இணைப்பைத் தொட்டால் ஒரு பக்கம் திறந்தது. அந்தப் பக்கத்தின் நடுவில் என் மகளின் பாவாடைப் படம். பக்கத்திலேயே, ‘உங்கள் 45 வெள்ளி தயார். பெற்றுக்கொள்ள உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுங்கள்.’

என் வீட்டுத் தரையில் நானே எடுத்த படத்தைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். என் விளம்பரத்திலிருந்து அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

வங்கியைத் தேர்ந்தெடுத்தேன். டெபிட் அட்டை எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாவற்றையும் கேட்டது. “டியர், டெலிவரி ஆள் பத்து நிமிடத்தில் கிளம்புகிறார், சீக்கிரம் முடித்துவிடுங்கள்” என்று அந்தப் பக்கம் ஒரே அவசரம். குறுஞ்செய்தியில் ஆறு இலக்க எண் வந்தது. தட்டினேன்.

வானொலிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒலிபரப்பில் மூன்று விநாடி மௌனம் விழுந்தால் எங்களுக்கு வியர்த்துவிடும். அதை ‘டெட் ஏர்’ என்போம். எதையாவது சொல்லி அந்த இடைவெளியை நிரப்பிவிட வேண்டும். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். எதிரில் ஒருவர் காத்திருக்கிறாரே என்று, யோசிக்க வேண்டிய இடத்தில் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா கேட்ட ஒரு கேள்வி

கூடத்தில் முறுக்கு டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்னாடி அவ்வளவு அவசரம்?”

“பாவாடை வித்துடுச்சும்மா. காசு வருது. கார்டு நம்பர் கேட்டுச்சு, போட்டேன்.”

“காசு கொடுக்க வர்றவளுக்கு உன் அலமாரிச் சாவி எதுக்கு?”

என் அம்மா திறன்பேசியில் வாட்ஸ்அப் தவிர வேறெதையும் தொடமாட்டார். ஆனால் 1990களில் எங்கள் ஈசூன் புளோக்கில் வீடு வீடாகத் தவணைக்குப் புடவை விற்றவர். நோட்டுப் புத்தகத்தில் பெயரும் பாக்கியும் எழுதி வைத்து வியாபாரம் செய்தவர். பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதில் அவர் கண் தப்பாது.

அவர் கேட்ட அதே நேரம் இரண்டாவது குறுஞ்செய்தி வந்தது. அதைத்தான் முதன்முறையாக முழுதாகப் படித்தேன். நான் கேள்விப்பட்டிராத ஏதோ வெளிநாட்டுக் கடைக்கு 1,450 வெள்ளி செலுத்த இந்த எண்ணைப் பயன்படுத்தவும் என்றிருந்தது. கை நடுங்க முதல் செய்திக்குப் போனேன். அதிலும் தொகை, கடையின் பெயர் எல்லாம் தெளிவாகவே இருந்தன: 780 வெள்ளி. நான்தான் ஆறு எண்களை மட்டும் பார்த்திருக்கிறேன்.

வங்கியின் அவசர எண்ணுக்கு அழைத்து அட்டையை முடக்கினேன். 1,450 வெள்ளி தப்பியது. 780 வெள்ளி திரும்பவில்லை. எண்ணைத் தட்டியது நானே என்பதால், என்னிடம் சொல்ல வாதமும் இல்லை. காவல்துறையில் புகார் செய்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே இரண்டு நிமிடம். எச்சரிக்கையைச் சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

விற்பவர்களைக் குறிவைக்கும் வலை

வாங்குபவர்தானே ஏமாறுவார், விற்பவருக்கு என்ன ஆபத்து என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த அலட்சியத்தில்தான் வலை விரிக்கிறார்கள். விற்பவர் பணம் வருமென்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். பணம் போகுமென்ற எச்சரிக்கை அவருக்கு இருப்பதில்லை.

அம்மாவின் கேள்வியை நான் இப்போது சட்டமாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். பணத்தைப் பெறுவதற்கு அட்டை எண் தேவையில்லை, ஓடிபி தேவையில்லை, சிங்பாஸ் தேவையில்லை, வங்கிக் கணக்கின் கடவுச்சொல் தேவையில்லை. பேநவ் மூலம் பணம் பெற, பதிவுசெய்த கைப்பேசி எண் போதும். இதற்கு மேல் எதைக் கேட்டாலும், அவர் உங்களுக்குக் கொடுக்க வரவில்லை, உங்களிடமிருந்து எடுக்க வந்திருக்கிறார். மின்னஞ்சல் இணைப்புக்குப் பதிலாக கியூஆர் குறியீட்டை அனுப்பி ‘இதை வருடினால் பணம் வரும்’ என்று சொன்னாலும் கதை அதேதான்.

அவர் ஏன் என் மின்னஞ்சலைக் கேட்டார் என்பதும் பிறகுதான் விளங்கியது. பதிவு செய்யாத நிறுவனப் பெயர்களில் வரும் குறுஞ்செய்திகள் 2023 முதல் சிங்கப்பூரில் ‘மோசடியாக இருக்கக்கூடும்’ என்ற அடையாளத்துடன் வருகின்றன. மின்னஞ்சலில் அப்படியொரு அடையாளம் இல்லை. செயலிக்குள்ளேயே பேசினால் அதன் நிர்வாகம் உரையாடலைப் பார்க்க முடியும், முறைகேட்டைப் புகார் செய்யவும் முடியும். வெளியே இழுத்துவிட்டால் அவருக்கு வசதி. ஆக, ‘வாட்ஸ்அப்புக்கு வாருங்கள், மின்னஞ்சல் கொடுங்கள், டெலிகிராமில் பேசலாம்’ என்ற அழைப்பே ஓர் அறிகுறி.

இன்னும் இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று, போலி ரசீது. பணம் அனுப்பியாகிவிட்டது என்று ஒரு திரைப்படத்தைக் காட்டுவார்கள். அதைத் திருத்தித் தயாரிப்பது பெரிய வேலையில்லை. உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, இருப்பில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். இரண்டு, ‘தவறுதலாக 45க்குப் பதில் 450 அனுப்பிவிட்டேன், மிச்சத்தை இந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்’ என்பது. வந்ததாகச் சொல்லும் பணம் பொய்யாக இருக்கலாம். உண்மையிலேயே வந்திருந்தாலும், அது வேறொருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கலாம். நீங்கள் கை மாற்றிவிட்டால் அந்த வலையில் உங்கள் கணக்கும் ஒரு கண்ணியாகிவிடும். நீங்களாகத் திருப்பி அனுப்பாதீர்கள், வங்கியிடம் சொல்லுங்கள்.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் காய்கறி வாங்கிய பிறகு, அம்மா சில சமயம் என்னைச் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தைக்குக் கூட்டிப்போவார். 2017 ஜூலையில் அது மூடப்பட்டுவிட்டது. அங்கே அவர் வாங்கியது குறைவு, புரட்டிப் பார்த்ததுதான் அதிகம். ‘கையில பட்டாத்தான் காசு’ என்பார். இன்று துணி கையில் படுவதற்கு முன்னே பணத்தை அனுப்பச் சொல்கிறார்கள். எனவே புரட்டிப் பார்க்கும் வேலையை வேறு வழியில் செய்ய வேண்டும்.

காஞ்சிபுரம் பட்டு, ஒருமுறைதான் கட்டியது, 60 வெள்ளி என்று விளம்பரம். கடைப் பொம்மைக்குக் கட்டிய அழகான படம். முதலில் அந்தப் படத்தைக் கூகல் லென்ஸ் போன்ற படத் தேடலில் போட்டுப் பாருங்கள். ஏதாவது புடவைக் கடையின் பக்கத்தில் அதே படம் இருந்தால் கதை முடிந்தது. இல்லையென்றால் இன்னொரு படம் கேளுங்கள்: முந்தானையின் உள்பக்கம், பார்டர் சேரும் இடம், அருகில் இன்றைய தேதி எழுதிய ஒரு துண்டுத் தாள். கையில் புடவை உள்ளவருக்கு அது இரண்டு நிமிட வேலை. இல்லாதவர் சண்டைக்கு வருவார், அல்லது காரணம் சொல்வார்: வெளியூரில் இருக்கிறேன், கேமரா சரியில்லை, நம்பிக்கை இல்லையென்றால் விடுங்கள், இன்னும் பத்துப் பேர் கேட்கிறார்கள்.

‘பத்துப் பேர்’ என்பது தனிப் பாடம். முன்பணம் கொடுத்தால் ஒதுக்கி வைக்கிறேன் என்பார்கள். 20 வெள்ளிதானே என்று அனுப்புவோம். அது போனபின் விநியோகக் கட்டணம், பிறகு காப்புறுதி, பிறகு ‘சுங்கத்தில் சிக்கிவிட்டது’. ஒவ்வொன்றும் சின்னத் தொகை. முதலில் கொடுத்ததை விட்டுவிட மனமில்லாமல் அடுத்ததையும் கொடுக்கிறோம்.

பணம் அனுப்பும்முன் பேநவ் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். விற்பவர் ஒருவராகவும் பணம் பெறுபவர் வேறொருவராகவும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கணக்கு தொடங்கி எவ்வளவு காலமாயிற்று, முன்பு வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். நட்சத்திரங்களை மட்டும் எண்ணாதீர்கள். ஒரே நாளில், ஒரே பாணியில் எழுதப்பட்ட பத்துப் பாராட்டுகளைவிட, ‘கொஞ்சம் தாமதம், ஆனால் நல்ல துணி’ என்ற ஒரு வரி நம்பத்தகுந்தது. செயலியிலேயே பணத்தைப் பிடித்துவைத்து, பொருள் வந்த பிறகு விற்பவருக்கு விடுவிக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முடிந்தால் எம்ஆர்டி நிலையத்தில், நாலு பேர் நடமாடும் இடத்தில், நேரில் வாங்குங்கள்.

விற்றவர் உண்மையான ஆள்தான், ஆனால் சொன்ன பொருள் ஒன்று, வந்த பொருள் வேறு என்றால் அது வேறு வகைப் பிரச்சினை. ஆள் யாரென்று தெரிந்தால், சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் கொண்டுசெல்லலாம். உரையாடலை அழித்துவிடாமல் வைத்திருப்பது இதற்கும் உதவும்.

என்னையும் சந்தேகப்பட்டார்கள்

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பணத்தை இழந்த சில வாரங்களில் என் கணவரின் ஜிப்பாவை விற்பனைக்குப் போட்டேன். ஒரு தம்பி கேட்டார். பழைய பழக்கத்தில், “வாட்ஸ்அப்பில் பேசலாமா, எனக்கு வசதி” என்று எழுதிவிட்டேன். “மன்னிக்கவும் அக்கா, இங்கேயே பேசலாம்” என்று பதில் வந்தது. ஒரு கணம் சுருக்கென்றது. என்னையா சந்தேகப்படுகிறார்?

பிறகுதான் சிரித்துக்கொண்டேன். அவர் செய்தது முற்றிலும் சரி. நல்லவர்களான நாமே சோம்பலில் மோசடிக்காரர்களைப் போல நடந்துகொண்டால், அவர்களை எப்படி அடையாளம் காண்பது? இப்போது நான் விற்கும்போது கேட்பதற்கு முன்பே தேதித் தாளுடன் படம் போடுகிறேன். கறை இருந்தால் கறையையும் படம் எடுக்கிறேன். நான் வாங்கும்போது கேள்வி கேட்டால், அதை அவமானமாக எடுத்துக்கொள்பவரிடம் வாங்குவதில்லை. நம் வீடுகளில் ‘மூஞ்சிக்கு நேரா எப்படிக் கேக்குறது’ என்ற கூச்சம் அதிகம். முகமே தெரியாத ஒருவரிடம் எதற்கு அந்தக் கூச்சம்?

தட்டிவிட்டீர்களா? அடுத்த நிமிடம்

முதல் வேலை வங்கி. அவசர எண்ணை இப்போதே கைப்பேசியில் சேமித்து வையுங்கள். பதற்றத்தில் தேடினால், தேடலில் போலி எண்ணும் வரக்கூடும். கணக்கை உடனே முடக்கும் அவசர வசதியும் வங்கிகளில் இருக்கிறது. உங்கள் வங்கியில் அது எங்கே இருக்கிறது என்று இன்றிரவே ஒருமுறை பார்த்து வையுங்கள். சேமிப்பின் ஒரு பகுதியை இணையம் வழி யாரும் நகர்த்த முடியாதபடி பூட்டிவைக்கும் வசதியையும் 2023 இறுதியில் உள்ளூர் வங்கிகள் கொண்டுவந்தன. அன்றாடச் செலவுக்கு வேண்டாத பணம் அங்கே இருக்கலாம்.

அடுத்து, காவல்துறையில் புகார் செய்யுங்கள். இணையம் வழியும் செய்யலாம். மோசடியா, இல்லையா என்றே தெரியாமல் குழம்பினால் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. செயலியிலும் அந்தக் கணக்கைப் பற்றிப் புகார் செய்யுங்கள். செய்திகளையும் மின்னஞ்சலையும் அழித்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டில் சொல்லுங்கள். நான் என் கணவரிடம் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் சொல்ல ஒரு மாதம். சொன்ன அன்று மதியமே மூன்று சக ஊழியர்கள் ஒவ்வொருவராக வந்து, தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். ஒருவர் இழந்தது என்னைப் போல ஐந்து மடங்கு. வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.

2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் மக்கள் இழந்தது குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. அந்தத் தொகையை நானே செய்தியில் வாசித்திருக்கிறேன். ஏமாந்துகொண்டிருப்பதை நம்ப மறுப்பவர்களின் வங்கிப் பரிவர்த்தனைகளைத் தற்காலிகமாகத் தடுக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தரும் சட்டம் 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. சட்டமே தேவைப்படும் அளவுக்கு, ஏமாந்துவிட்டோம் என்று ஒத்துக்கொள்வது மனிதர்களுக்குக் கடினமாக இருக்கிறது. படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் அதில் இல்லை. எங்கள் வீட்டில் ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். காப்பாற்றியது நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதிய அம்மா.

அந்தப் பாவாடை

கடைசியில் மயில் கழுத்துப் பாவாடை விற்றது. செங்காங் எம்ஆர்டி நிலையத்தில், ஆறு வயது மகளோடு ஒரு பெண் வந்திருந்தார். பாவாடையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். இடுப்பருகில் இருந்த மஞ்சள் கறையைக் கண்டுபிடித்தார். “படத்துல போட்டிருந்தீங்கதான், ஆனா கொஞ்சம் பெருசா தெரியுதே அக்கா. 35?” என்றார். 40க்கு முடிந்தது. எவ்வளவு நிம்மதியான பேரம்!

பிள்ளை பாவாடையை இடுப்பில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் பேநவ்வில் பணம் அனுப்பிவிட்டு, “வந்துடுச்சான்னு பாத்துக்குங்க அக்கா. நான் நிக்கிறேன்” என்றார்.

இருவரும் ஒன்றும் பேசாமல் நின்றோம். மூன்று விநாடி, நான்கு விநாடி. வானொலிக்காரியான எனக்கு அந்த மௌனம் முதன்முறையாகப் பயமாக இல்லை. என் வங்கிச் செயலியில் 40 வெள்ளி ஏறியது.

“வந்துடுச்சும்மா” என்றேன்.